வாடைக் காற்றோடு தெற்கே: எலக்ட்ரிக் சைக்கிளில் வேதாரண்யம் வரை

வியாழன் இரவு, திருவான்மியூர்

நாளை விடிவதற்கு முன் கிளம்புகிறோம், நானும் சித்தி மகனும். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருப்பது, வேதாரண்யத்தில் பெரியம்மா வீட்டு வாசலில் இறங்குவது. அவ்வளவுதான் திட்டம். தை கடைசி. மழை விட்டாயிற்று, வெயில் இன்னும் ஏறவில்லை, வாடை அடித்துக்கொண்டிருக்கிறது. தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகில் விழும். எலக்ட்ரிக் சைக்கிள்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் வருஷத்தில் வேறு இல்லை.

எங்கள் வண்டிகள் இரண்டும் இரண்டு விதம். தம்பியுடையது கடையில் அப்படியே வாங்கியது. பார்க்க லட்சணமாக இருக்கும், பேட்டரி ஃபிரேம் குழாய்க்குள்ளேயே மறைந்திருக்கும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 280 வாட்-ஹவர்; பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு அது. என்னுடையது பழைய ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள். பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார் கிட் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

எந்த வண்டி வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஏற்காடு, கொல்லிமலை மாதிரி மலைப்பாதை என்றால் பெடல் அச்சில் உட்காரும் மிட் மோட்டார்தான் சரி. அது செயின் வழியாகத் தள்ளுகிறது. கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் பாரம் குறையும். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாருக்கு அந்த வசதி கிடையாது. ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியிலிருந்து வருவதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். ஆனால் சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை பாலங்களைத் தவிர ஏற்றம் என்று ஒன்று இல்லை. இந்தச் சாலைக்கு ஹப் மோட்டாரே போதும். விலை குறைவு, செயின் சீக்கிரம் தேயாது, வழியில் செயினே அறுந்தாலும் மோட்டார் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பெரிய மோட்டார் போடு, 48 வோல்ட் 750 வாட் போடு என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் போடவில்லை, யாருக்கும் போடச் சொல்லவும் மாட்டேன். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருக்கும்வரைதான் அது சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், பதிவெண் வேண்டாம். அதைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம். சட்டத்தை விடுங்கள், சைக்கிளின் பிரேக்கும் ஸ்போக்ஸும் ஃபோர்க்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. 40-ல் பறந்துகொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தால் என்ன செய்வது?

அதனால் நான் பணம் போட்டதெல்லாம் வேறு இடங்களில். முதலில் பேட்டரி: பழையதைக் கழற்றிவிட்டு 13 ஆம்பியர்-ஹவர் போட்டேன். 50 செல்கள், 468 வாட்-ஹவர். கிட்டைவிட பேட்டரிக்குத்தான் அதிகம் செலவானது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. அடுத்தது பிரேக் கட்டைகளும் கேபிள்களும். பிரேக் பிடியில் கட்-ஆஃப் சுவிட்ச் உண்டு. பிடியைத் தொட்ட மாத்திரத்தில் மோட்டார் நின்றுவிடும். டயருக்குள் பஞ்சர் லைனர். கடைசியாக, பெடல் அச்சில் டார்க் சென்சார். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் அதற்கு ஏற்றதாக மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பற்றி வழியில் எழுதுகிறேன்.

இன்னொன்று, ரொம்பச் சின்னது, ஆனால் கிட் மாட்டும் யாரும் விடக்கூடாதது: டார்க் ஆர்ம். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அதே பலத்தோடு அச்சைப் பின்னே திருப்பப் பார்க்கும். அச்சை ஃபிரேமின் பிளவில் பிடித்து நிறுத்துவது அதன் இரண்டு தட்டைப் பக்கங்கள்தான். கொட்டை தளர்ந்து அச்சு சுழன்றால் மோட்டார் வயரை முறுக்கி அறுத்துவிடும். டார்க் ஆர்ம் ஒரு இரும்புப் பட்டை; ஒரு முனை அச்சைக் கவ்விக்கொள்ளும், மறுமுனையை ஃபிரேமோடு கட்ட வேண்டும். முன்சக்கரத்தில், அதுவும் அலுமினிய ஃபோர்க்கில் மோட்டார் மாட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

பையில் இரண்டு சார்ஜர், உபரி டியூப், பஞ்சர் சாமான், அச்சுக் கொட்டைக்கு 18 நம்பர் ஸ்பேனர், சின்ன பம்பு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். துணி இரண்டு செட். தூங்கப் போகிறேன்.

வெள்ளி, மாமல்லபுரம்

கிளம்பும்போது டிஸ்பிளேயில் 42 வோல்ட். முழுச் சார்ஜ் என்று அர்த்தம். தம்பியின் வண்டியில் வோல்ட் காட்டாது, ஐந்து கட்டங்கள்தான். இந்தக் கட்டங்களை நம்பி நீண்ட தூரம் போவது கஷ்டம். ஏற்றத்தில் மோட்டார் நிறைய இழுக்கும்போது வோல்ட் இறங்கி ஒரு கட்டம் காணாமல் போகும், சமதளத்துக்கு வந்ததும் திரும்பி வரும். வோல்ட் தெரிந்தால் வண்டியை நிறுத்திப் பார்த்துக் கணக்குப் போடலாம். 36 வோல்ட் பேட்டரியில், நிறுத்திப் பார்க்கும்போது 39 என்றால் முக்கால்வாசி இருக்கிறது, 37 என்றால் பாதி, 36 என்றால் கால்வாசி. அதற்குக் கீழே சரசரவென்று இறங்கும். வாங்கும்போதே வோல்ட் காட்டும் டிஸ்பிளே இருக்கிறதா என்று பாருங்கள்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரைக்கும் விடிகாலையிலேயே நெரிசல்தான். இங்கேதான் எங்கள் இரண்டு வண்டிகளின் குணமும் தெரிந்தது. தம்பியின் வண்டியில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் காந்தச் சென்சார். காலை லேசாக அசைத்தாலும் மோட்டார் முழுசாகத் தள்ளும். காலை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் அடங்கும். பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அவன் இரண்டு விரலை பிரேக்கிலேயே வைத்திருந்தான். டார்க் சென்சார் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கிறது. மெல்ல மிதித்தால் மெல்லத் தள்ளும், அழுத்தினால் அழுத்தித் தள்ளும். எனக்கே கால் பலம் கூடிவிட்ட மாதிரி இருக்குமே தவிர வண்டி தன்பாட்டுக்குப் போகிற மாதிரி இருக்காது.

என் முழங்காலுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே சொல்லியாக வேண்டும். சைக்கிள் ஓட்டுங்கள், நல்லது, ஆனால் பாரம் கொடுத்து மிதிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரண சைக்கிளில் சிக்னலில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் பாரம்தான். இதில் அந்த முதல் மூன்று மிதியை மோட்டார் பாதிக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. முழங்கால் வலியால் சைக்கிளைத் தூக்கிப் பரணில் போட்ட என் வயதுக்காரர்கள், அதிலும் பெண்கள், ஒரு தடவையாவது இதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நின்றோம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் என் வண்டியைச் சுற்றி வந்தார்.

“லைசென்ஸ் வச்சிருக்கீங்களாம்மா?”

“இதுக்குத் தேவையில்லை சார். 250 வாட்தான், 25-க்கு மேல மோட்டார் தள்ளாது.”

“பேட்டரி தீர்ந்துட்டா?”

“மிதிச்சுட்டுப் போகவேண்டியதுதான் சார்.”

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஓட்டிவிட்டு வந்து, பத்தாவது படிக்கும் மகளுக்கு இது ஒத்துவருமா, டியூஷன் வீடு ஆறு கிலோமீட்டர் என்று விசாரித்தார். ஆறு கிலோமீட்டருக்கு இருக்கிறதிலேயே சின்ன பேட்டரி போதும் என்றேன். வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் போட்டால் தாராளம்.

கோவளம் தாண்டியதும் சாலை நமக்குக் கிடைத்தது. காற்று முதுகில். கிட்டத்தட்ட 50 கி.மீ. வந்து சேர்ந்தபோது எனக்கு 37 வோல்ட், அதாவது பாதி செலவு. கி.மீ.க்கு 5 வாட்-ஹவர் கணக்கு. தம்பிக்கு ஒரு கட்டம்தான் மிச்சம்.

லாட்ஜில் என் பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றி மாடிக்கு எடுத்துப்போனேன். அவன் பேட்டரி கழலாது, வண்டியையே மாடிக்குத் தூக்க வேண்டியிருந்திருக்கும். மேனேஜர் நல்ல மனிதர், கீழே ஸ்டோர் ரூமில் ஒரு பிளக் கொடுத்தார். கழற்ற முடியாத பேட்டரி ஊருக்குள் ஓட்ட ஒரு குறையே இல்லை. பயணம் என்று வந்தால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வேலை. இன்னொரு சங்கதி: சாவி அட்டையைச் சொருகினால் மட்டும் கரண்ட் வரும் அறைகளில், நாம் சாப்பிடப் போனால் சார்ஜும் நின்றுவிடும். ரிசப்ஷனில் இரண்டாவது அட்டை கேட்டு வாங்கிச் சொருகிவிட்டுத்தான் போனோம். தூங்குவதற்கு முன்னால் சார்ஜ் முடிந்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. லித்தியம் பேட்டரியை ஆள் தூங்கும் அறையில், மெத்தை பக்கத்தில், ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு வைப்பது நல்லதில்லை.

சனி, புதுச்சேரி

இன்று நீண்ட நாள். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 95 கி.மீ. தம்பியின் பேட்டரிக்கு நடுவில் ஒரு முழுச் சார்ஜ் வேண்டும். அதனால் கடப்பாக்கம்வரை ஒரே மூச்சு, அங்கே மதியம்வரை நிறுத்தம், பிறகு மிச்சம் என்று நேற்றே வகுத்திருந்தோம்.

கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம். ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாம் அதைக் கடக்கிறோம், அகலம் கண்ணை நிறைக்கிறது. சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் மட்டும் ஜல்லியும் புழுதியும். அந்த மாதிரி ஒரு இடத்தைத் தாண்டிக் கடப்பாக்கம் நெருங்கும்போது என் பின்சக்கரம் இறங்கியது. லைனரின் ஓரமாகப் புகுந்து ஒரு ஆணி.

ஹப் மோட்டார் சக்கரத்தில் பஞ்சர் என்றாலே பலருக்குப் பயம். கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியிருப்பார். மோட்டாரைப் பார்த்துவிட்டு, “இதக் கழட்டணுமா?” என்று கேட்டார். கழற்ற வேண்டாம், இப்படியே பார்க்க முடியுமா என்றேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். நெம்புகோல் இரண்டை எடுத்து டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து வெளியே வாங்கினார். ஆணி தைத்த இடத்தில் டியூபை ஒரு முழம் வெளியே இழுத்து, காற்றடித்து, தகரத் தொட்டியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. விரலால் அந்த இடத்தை அடைத்து, துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி வாயால் ஊதிக் காயவிட்டார். பேட்ச் ஒட்டிய பிறகு சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் மெல்லத் தட்டினார். டியூபை உள்ளே தள்ளும் முன் டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தார். இன்னொரு முள் இருக்கிறதா என்று பார்க்க. சக்கரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, ஒரு வயரைக்கூட யாரும் தொடவில்லை.

“மோட்டார் கெட்டா நம்ம கையில இல்ல. இது டியூப்தானேம்மா” என்றார். கூலியாக அவர் சொன்னது சாதாரண சைக்கிளுக்கு வாங்கும் அதே காசு.

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் பயப்படுகிறவர்கள் ரிப்பேருக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். வண்டியில் முக்கால்வாசி சைக்கிள்தான். டயர், செயின், பிரேக், பேரிங் எல்லாம் தெருமுனைக் கடையில் ஆகும். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றுக்கும்தான் வாங்கிய இடம் தேவை. அதனால் பேட்டரிக்கு எத்தனை வருஷ வாரண்டி, உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சார்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் இடம் கேட்டோம். மெஸ் நடத்தும் அக்காவுக்கு ஒரே சந்தேகம், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று. இரண்டு பேட்டரியும் காலியிலிருந்து நிறைந்தாலும் ஒரு யூனிட் வராது என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். சார்ஜர் 2 ஆம்பியர், 42 வோல்ட்; மூன்று நாலு குண்டு பல்பு எரிகிற அளவுகூட இல்லை. “இவ்வளவுதானா” என்றவர், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கைக் கொடுத்தார். ஓடி வந்த சூட்டோடு போடாமல் அரை மணி நிழலில் ஆறவிட்டுப் போட்டோம். 45 டிகிரிக்கு மேல் சூடேறிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். நம் ஊர் வெயிலில் கருப்புப் பெட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

நான்கு மணி நேரம் இருந்தது. ஆலம்பரைக் கோட்டைக்கு நடந்தோம். 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் மதிலுக்கு அப்பால் கழி, கழிக்கு அப்பால் மணல்திட்டு, அதற்கப்புறம் கடல். காரில் வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் படம் எடுத்துவிட்டுப் போயிருப்போம். பேட்டரி எங்களை உட்காரவைத்தது. மீன்குழம்புச் சாப்பாடு, மெஸ் திண்ணையில் குட்டித் தூக்கம்.

மதியத்துக்கு மேல் மரக்காணம். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடியும் ஊர். மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் பாத்திகளைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள்; காலால் சேறு மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை. கழுவேலி ஏரிப்பக்கம் பறவைகள் நிறைய. எங்களுக்கு இருட்டுவதற்குள் சேர வேண்டும், அதிகம் நிற்கவில்லை.

ஞாயிறு, புதுச்சேரி

ஓய்வு. வண்டிகளுக்கும்தான். கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டினால் மோட்டாரைவிடக் கனெக்டர்களுக்குத்தான் ஆபத்து. உப்புக் காற்று செம்பில் பச்சை பூக்கவைக்கும். பேட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, கனெக்டர்களில் சிலிகோன் கிரீஸ் லேசாகத் தடவினேன். செயினுக்கு எண்ணெய். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவவே கூடாது; ஈரத்துணி போதும். மாலையில் கடற்கரையில் நடந்தோம், சீக்கிரம் படுத்தோம்.

திங்கள், சிதம்பரம்

கடலூரைத் தாண்டிப் புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது மீன்கார அக்கா ஒருவர் எக்ஸெல் வண்டியில் வந்து நின்றார். பின்னால் இரண்டு அலுமினிய அன்னக்கூடை, முன்னால் ஒரு ஐஸ் பெட்டி. பெட்ரோல் விலை சொல்லிப் புலம்பிவிட்டு, என் வண்டியைக் காட்டி நேராகக் கேட்டார்: “இதுல அம்பது கிலோ மீனு ஏத்தலாமா?”

இல்லை அக்கா, உங்கள் தொழிலுக்கு இது ஆகாது என்றுதான் சொன்னேன். அவர் தினமும் அறுபது எழுபது கி.மீ. சுற்றுகிறார், மீன் கெடுவதற்குள் ஓட வேண்டும். 250 வாட் மோட்டாரும் 26 அங்குலச் சக்கரமும் அந்தப் பாரத்தை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடினால் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாக அறும். கேரியரும் அதற்கு ஏற்றதில்லை. ஒரே ஊருக்குள் காய்கறி, பால் போடுகிறவர்களுக்கு, மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில் மோட்டார் வைத்தால் நல்ல பலன் இருக்கும், முதுகு பிழைக்கும். ஆனால் கடற்கரை மீன் வியாபாரத்தில் எக்ஸெல்லின் இடத்தைப் பிடிக்க இந்தச் சைக்கிளால் முடியாது. எலக்ட்ரிக் சைக்கிள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், பிழைப்புக்கு வண்டி தேடுகிறவர்களிடம் ஆசை காட்டுவது தப்பு.

மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கைப்பிடித் திருகலான த்ராட்டிலைத் தம்பி இன்று தொடவில்லை. நேற்று ராத்திரி அவன் ஃபோனில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். த்ராட்டிலைத் திருகி மிதிக்காமல் வந்த தூரத்தில், கி.மீ.க்கு ஏறக்குறைய இரண்டு பங்கு செலவாகியிருக்கிறது. இன்று மோட்டார் மிகக் குறைவாக உதவும் அசிஸ்ட் ஒன்றிலேயே வைத்து, தானும் மிதித்து வந்தான். கடலூரில் ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ் போட்டோம், சிதம்பரம் வந்தும் கையில் மிச்சம் இருந்தது. “நானும் கொஞ்சம் வேலை செஞ்சா அதுவும் கூட வருதுக்கா” என்றான். நான் எழுத நினைத்ததெல்லாம் அதில் இருக்கிறது. ராத்திரி இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. சிதம்பரத்தில் வேறு எதையும் தேடவில்லை.

செவ்வாய், காரைக்கால்

கொள்ளிடப் பாலம் வரை சுகமான காலை. பாலத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, அதனால் கூட்டம் வரும் முன் கடந்துவிட்டோம். பின்னால் பார்க்கும் கண்ணாடி ஒன்று ஹேண்டில் பாரில் மாட்டியிருக்கிறேன். இந்தப் பயணத்தில் அதிகம் பயன்பட்ட சாமான் அதுதான் என்று தோன்றுகிறது. சீர்காழியில் டிபன்.

திருக்கடையூரில் மதியச் சாப்பாடும் சார்ஜும். அங்கே எந்த நாளும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தானே. ஹோட்டல் வாசலில் மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை, அப்போதுதான் அறுபது முடித்தவர், எங்கள் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் வயதில் நாகைக்கும் திருவாரூருக்கும் சைக்கிளிலேயே போய்வந்தவராம். ஓட்டிப் பாருங்கள் மாமா என்று தம்பி வண்டியை நீட்டினான். மாலையைச் சம்சாரத்திடம் கொடுத்தார், பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், தெருமுனைவரை போய்த் திரும்பினார். பேரப்பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். இறங்கியதும் அவர் கேட்ட கேள்வி, விலை இல்லை, “கேரியர்ல ஆள் உட்காரலாமா?” என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கிளம்பிய பிறகுதான் காற்று மாறியது. காலையில் முதுகில் இருந்த வாடை ஓய்ந்து, கடலிலிருந்து தென்கிழக்காக அடிக்க ஆரம்பித்தது. தரங்கம்பாடிவரை முகத்தில் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை உடம்பால் படித்தோம். காற்றே இல்லாதபோது 20-ல் போனால் முகத்தில் 20-தான் படும். எதிரே 15 கி.மீ. காற்று வந்தால் அதே 20-ல் போகிறவர் முகத்தில் படுவது 35. தடை மூன்று மடங்கு. மோட்டார் அதைச் சமாளித்து அதே வேகத்தில் கொண்டுபோகும், பேட்டரி கண்ணெதிரே இறங்கும். 15-க்கு வேகத்தைக் குறைத்து, குனிந்து, மாறி மாறி முன்னால் போய் ஒருவருக்கு ஒருவர் காற்றை மறைத்துக்கொண்டோம். என் செலவு கி.மீ.க்கு 9 வாட்-ஹவரைத் தொட்டது.

கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் கணக்கை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: அதைப் பார்க்காதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கி வாட்-ஹவர் எடுங்கள். நன்றாக மிதிக்கிறவர் என்றால் அதை 7-ஆல் வகுங்கள், மோட்டாரை நம்பி வருகிறவர் என்றால் 12-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் தூரம்.

தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் காரைக்கால் வந்து சேர்ந்தோம். தம்பியின் வண்டியில் கடைசிக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

புதன், வேதாரண்யம்

நேற்றைய காற்றை நினைத்து நாலரை மணிக்கே கிளம்பினோம். நாகூரில் டீ, நாகப்பட்டினத்தில் பொங்கல் வடை, வேளாங்கண்ணியைத் தாண்டும்போது வெயில் உறைக்க ஆரம்பித்தது. காற்று கிளம்புவதற்குள் பாதிக்கு மேல் கடந்துவிட்டோம். இந்தக் கடற்கரையில் சைக்கிள் பயணத்துக்கு நல்ல நேரம் காலை பத்துக்கு முன்னால்தான்.

திருப்பூண்டிக்கு அப்புறம் சம்பா அறுவடை. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது, மறு பாதியில் வைக்கோல் சிதறிக் கிடக்கிறது. நெல்லின் மேல் வண்டியை விட மனசு வராது, வைக்கோலில் விட்டால் செயினிலும் சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளினோம். வண்டியைத் தள்ளும்போது மெதுவாகக் கூடவே நகரும் ‘வாக்’ பட்டன் ஒன்று இந்த வண்டிகளில் உண்டு. 26 கிலோ வண்டியும் மூட்டையும் தள்ளும்போது அதன் அருமை புரிகிறது. நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் எதிரே வந்த காரைக் கை காட்டி நிறுத்தி எங்களைப் போகவிட்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய பகுதி இது. வேட்டைக்காரனிருப்பு தாண்டியதும் இரு பக்கமும் நிற்கிற தென்னைகளில் பல இன்னும் இளசு. அதன் பிறகு உப்பளங்கள். 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பெடுத்த ஊர் வேதாரண்யம். அவர்களுக்குச் சித்திரை வெயிலில் இரண்டு வாரம் ஆனது.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “இத்தனை தூரம் கரண்டுலயா வந்தீங்க?” “பாதி கரண்ட், பாதி கால் பெரியம்மா” என்றான் தம்பி.

திரும்புவது ரயிலில், வண்டிகள் இங்கேயே இருக்கும். இப்போது வடக்கே மிதித்தால் முழு வழியும் வாடைக்கு எதிராக மிதிக்க வேண்டும்; ஆனியில் தென்மேற்குக் காற்று பிடித்த பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம். மாதக்கணக்கில் நிறுத்தும்போது பேட்டரியை நிறைத்தும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. என்னுடையதை 38 வோல்ட்டில் நிறுத்தி, கழற்றி, வெயில் படாத மர அலமாரியில் வைத்தாயிற்று. தம்பியின் வண்டியில் மூன்று கட்டம். பெரியம்மா மகன் மாதம் ஒரு தடவை பார்த்து, 36-க்குக் கீழே இறங்கினால் ஒரு மணி நேரம் சார்ஜ் போடுவான். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். டயரில் காற்றைக் குறைத்து, சக்கரங்கள் தரையில் படாமல் கட்டையின் மேல் தூக்கி நிறுத்தியாயிற்று. தம்பி அவன் வண்டியில் டார்க் சென்சார் பொருந்துமா என்று வாங்கிய கடைக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறான். பெடல் அச்சுக் குழாயின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்கிறார்களாம். ஸ்கேல் தேடப் போகிறேன்.